கிண்ணத்துச் சுரைக்காய்: இன்டர்லூக்கின்-2 சொல்லும் பாடம்

சுண்டு விரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பது தெரியும். சில மைக்ரோகிராம் தூள், அவ்வளவுதான். திறப்பதற்கு முன்னால் குப்பியை சென்ட்ரிஃப்யூஜில் வைத்து ஒரு சுற்று சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் ஒட்டிய தூள் மூடியோடு போய்விடும். கொடுத்த காசும் போய்விடும். லேபிளில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.

உள்ளே இருப்பது மனித இன்டர்லூக்கின்-2. சுருக்கமாக ஐஎல்-2. மனிதனின் ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த புரதம். நோய் எதிர்ப்பு செல்களை வளர்க்கிற லேப் எதுவாக இருந்தாலும் அதன் ஃப்ரீசரில் இந்தக் குப்பி ஒன்றாவது இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட இதே புரதம் வேறு லேபிளோடு மருத்துவமனையில் நோயாளியின் நரம்பில் ஏறுகிறது. ஒரு லேபிள் "மனிதருக்குக் கூடாது" என்கிறது. இன்னொரு லேபிள் "இது மருந்து" என்கிறது. தயாரிப்பில் காட்டும் சுத்தமும் சோதனையும்தான் சட்டப்படி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ஐஎல்-2-வின் கதையைப் படித்தால் வேறொரு வித்தியாசம் தெரிய வருகிறது. கிண்ணத்தில் ஒரு புரதம் என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. உடம்பில் அது எதற்காக இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐஎல்-2-வை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். அந்தக் குழப்பத்துக்கு ஆயிரக்கணக்கான நோயாளிகள் பல வருடம் ஊசி குத்திக்கொண்டார்கள்.

ராஜ்மாவில் தொடங்கிய கதை

முதலில் கொஞ்சம் பின்னணி. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல். கிருமி பாதித்த செல்களைக் கொல்வது, மற்ற எதிர்ப்பு செல்களுக்கு உத்தரவு கொடுப்பது எல்லாம் இதன் வேலை. 1970-கள் வரை டி செல்லை உடம்புக்கு வெளியே ரொம்ப நாள் வளர்க்க முடியவில்லை. எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் சில நாளில் செத்துப்போகும். சாகிற செல்லை வைத்துக்கொண்டு எதை ஆராய்வது?

1976-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ராபர்ட் கேலோவின் லேபில் இருந்த டோரிஸ் மார்கன், ஃபிரான்சிஸ் ரஸ்செட்டி ஆகியோர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது ரத்தப் புற்றுநோய் செல்களை வளர்க்க உதவும் ஏதோ ஒன்றை. அதற்காக, வெள்ளை அணுக்கள் வளர்ந்த கிண்ணத்தின் திரவத்தை எடுத்து இதில் ஊற்றினார்கள். அந்த வெள்ளை அணுக்களை முதலில் தூண்டிவிடப் பயன்பட்டது பிஹெச்ஏ என்ற பொருள். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? ராஜ்மா பயறிலிருந்து! சரியாக வேகாத ராஜ்மாவைத் தின்றால் வயிற்றைப் புரட்டி எடுப்பதும் இதே பொருள்தான்.

எதிர்பார்த்த புற்றுநோய் செல்கள் வளரவில்லை. கிண்ணம் நிறைய வளர்ந்தது சாதாரண டி செல்கள். ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, மாதக்கணக்கில் வளர்ந்தன. அந்தத் திரவத்தில் இருந்த ஏதோ ஒன்று அவற்றை வளர்க்கிறது. அதற்கு "டி செல் வளர்ச்சிக் காரணி" என்று பெயர் வைத்தார்கள்.

ஒவ்வொரு லேபும் தன் கிண்ணத்தில் பார்த்ததை வைத்து ஒவ்வொரு பெயர் சூட்ட, ஒரே பொருளுக்குப் பல பெயர் சேர்ந்துவிட்டது. 1979-ல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கன் என்ற ஊரில் கூடிய ஆய்வாளர்கள் "இன்டர்லூக்கின்" என்ற பொதுப் பெயருக்கு வந்தார்கள். வெள்ளை அணுக்களுக்கு இடையில் ஓடும் தகவல் என்பது அதன் பொருள். எந்த வேலையையும் முன்கூட்டிச் சொல்லாத நல்ல பெயர். ஆனால் பெயர் மாறியதே தவிர நினைப்பு மாறவில்லை. ஐஎல்-2 என்றால் டி செல்லை வளர்ப்பது, டி செல் வளர்ந்தால் எதிர்ப்புச் சக்தி கூடும், எனவே ஐஎல்-2 எதிர்ப்புச் சக்தியின் உரம். இப்படித்தான் எல்லாரும் யோசித்தார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

அளவுகோலும் அதையே சொன்னது

இந்த நினைப்பு ஆழமாக வேர்விட இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஐஎல்-2-வை எப்படி அளப்பது? சர்க்கரை மாதிரி கிராமில் நிறுத்தால் போதாது. புரதம் உருக்குலைந்து போயிருந்தால் எடை இருக்கும், வேலை செய்யாது. எனவே "யூனிட்" கணக்கு. கெண்டல் ஸ்மித்தின் குழு 1978-ல் ஒரு வழி சொன்னது. எலியின் டி செல் வம்சம் ஒன்று இருக்கிறது. ஐஎல்-2 கொடுத்தால் பெருகும், கொடுக்காவிட்டால் ஓரிரு நாளில் செத்துப்போகும். சோதிக்க வேண்டிய திரவத்தை அதில் ஊற்றி, செல்கள் எவ்வளவு பெருகின என்று பார்த்து யூனிட்டைச் சொல்லிவிடலாம். இன்றைக்கும் குப்பியோடு வரும் தாளில் இருக்கும் யூனிட் கணக்கின் அடிப்படை இதுதான். மருந்தாக வரும் ஐஎல்-2-வில் ஒரு மில்லிகிராமுக்குச் சுமார் 1.6 கோடி சர்வதேச யூனிட் என்று கணக்கு.

அருமையான முறை, சந்தேகமே இல்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் ஒன்று உறைக்கும். வளர்ச்சியை மட்டும் அளக்கத் தெரிந்த அளவுகோல் இது. இதை வைத்து அளந்தால் ஐஎல்-2 வளர்ச்சிக் காரணியாகத்தான் தெரியும். பஸ் டிக்கெட் எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொல்கிற மாதிரி. நடந்து போகிறவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள்.

பாக்டீரியா கொடுத்த தாராளம்

1983 வரை ஐஎல்-2 கிடைப்பதே அபூர்வம். லிட்டர் லிட்டராக செல் வளர்த்த திரவத்திலிருந்து துளி துளியாகப் பிரிக்க வேண்டும். அந்த வருடம் ஜப்பானில் தடாட்சுகு தனிகுச்சியின் குழு மனித ஐஎல்-2-வின் ஜீனைப் பிரித்துப் படித்து நேச்சர் இதழில் வெளியிட்டது. அதற்கப்புறம் கதையின் வேகமே மாறியது. ஜீன் கையில் இருந்தால் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து வேண்டிய அளவு செய்துகொள்ளலாம்.

ஆனால் பாக்டீரியா மனித செல் இல்லை. ஐஎல்-2 என்பது 133 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம். அதில் மூன்று இடத்தில் சிஸ்டீன் உண்டு. 58-வது சிஸ்டீனும் 105-வது சிஸ்டீனும் கைகோத்தால்தான் புரதம் சரியாக மடிந்து வேலை செய்யும். 125-வது தனியாக நிற்கும். பாக்டீரியாவில் செய்த புரதத்தை மடிக்கும்போது இந்தத் தனிக்கட்டை தப்பான ஜோடியைப் பிடித்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் இருந்த சீட்டஸ் நிறுவனத்தார் 125-வது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் செரீனை வைத்து இந்தத் தொல்லையை ஒழித்தார்கள். பிசிஆர் முறை பிறந்ததும் இதே நிறுவனத்தில்தான். அந்த மாற்றிய ஐஎல்-2-தான் பிறகு அல்டெஸ்லூக்கின் என்ற மருந்தாக வந்தது. மனித உடம்பு ஐஎல்-2 மேல் ஒட்டும் சர்க்கரையை பாக்டீரியா ஒட்டுவதில்லை. ஆனாலும் புரதம் வேலை செய்கிறது.

குப்பியில் வந்ததும் நோயாளிக்குப் போனது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் 60-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் பலவிதமாக முயன்று பார்த்தும் பலனில்லை. 1984 கடைசியில், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடம்பெங்கும் பரவிய கடற்படைப் பெண் அதிகாரி ஒருவருக்கு அதிக அளவில் ஐஎல்-2 கொடுத்தார். கட்டிகள் கரைந்தன. அவர் பிழைத்தார். 1985 டிசம்பரில் வெளியான கட்டுரையில் 25 நோயாளிகளில் 11 பேருக்குக் கட்டிகள் பாதிக்கு மேல் சுருங்கியதாக இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஒருவனின் சொந்த எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டே புற்றுநோயைக் கரைக்கலாம் என்பதற்கு அதற்கு முன்னால் இவ்வளவு தெளிவான சாட்சி கிடையாது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1992-ல் பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும் 1998-ல் பரவிய மெலனோமாவுக்கும் இதை அனுமதித்தது. கணக்கைப் பார்த்தால் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. முழுசாக மறைந்தது 6, 7 சதவீதம் பேருக்கு. மறைந்தவர்களில் பலருக்கு வருடக்கணக்கில் திரும்பி வரவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மீதி 85 பேரும் அதே வேதனையை அனுபவித்தார்கள். ரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்கும், ரத்த அழுத்தம் சரியும், நுரையீரலில் நீர் கோக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்தில் இருந்தால்தான் இந்த டோஸைக் கொடுக்கலாம்.

"டி செல் உரம்" என்ற கொள்கை சரியாக இருந்தால் ஏன் 15 சதவீதத்தோடு நின்றது? அப்போது பலரும் சொன்ன பதில், டோஸ் போதவில்லை என்பது. கேள்வியே தப்போ என்று கேட்டவர்கள் குறைவு.

எலிகள் சொன்ன செய்தி

பதில் புற்றுநோய் வார்டிலிருந்து வரவில்லை. எலிக் கூண்டிலிருந்து வந்தது.

1991-ல் ஜெர்மனியில் ஐஎல்-2 ஜீனையே நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். உரம் இல்லாத வயலில் பயிர் எப்படி இருக்கும்? டி செல்லே இருக்காது, இருந்தாலும் நோஞ்சானாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். டி செல்கள் வழக்கம்போல உருவாகியிருந்தன!

1993-ல் வந்தது அதைவிடப் பெரிய ஆச்சரியம். அந்த எலிகளைத் தொடர்ந்து கவனித்தபோது ஏறத்தாழ பாதி எலிகள் பிறந்த 4-வது வாரத்துக்கும் 9-வது வாரத்துக்கும் இடையில் செத்தன. பிழைத்தவற்றின் பெருங்குடல் அழற்சியால் புண்ணானது. எதிர்ப்புச் சக்தி குறைந்து செத்ததாகத் தெரியவில்லை. எதிர்ப்புச் சக்தி கட்டுக்கடங்காமல் போய் சொந்த உடம்பையே தாக்கியது. உரம் என்று நினைத்தது உண்மையில் கடிவாளமாகவும் இருந்திருக்கிறது.

எப்படி? 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி ஒரு விஷயத்தைக் காட்டினார். டி செல்களில் ஒரு சிறு கூட்டம் சிடி25 என்ற அடையாளத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதி டி செல்களை, சொந்தமாக டி செல் இல்லாத எலிக்குள் செலுத்தினால் எலிக்குத் தன்னுடலைத் தாக்கும் நோய் வருகிறது. நீக்கிய கூட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தால் வருவதில்லை. மற்ற எதிர்ப்பு செல்களை அடக்கி வைக்கும் டி செல்கள் அவை. சிடி25 என்பது வேறொன்றும் இல்லை, ஐஎல்-2-வைப் பிடிக்கும் ஏற்பியின் ஒரு பாகம்தான்! இந்த ஆராய்ச்சி வரிசைக்காகத்தான் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு சகாகுச்சிக்கும் மேரி பிரன்கோவுக்கும் ஃபிரெட் ராம்ஸ்டெலுக்கும் கிடைத்தது.

ஊரில் தண்டோரா போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சண்டை வந்துவிட்டது, கிளம்புங்கள்" என்று கத்துகிறான். ஊரில் சண்டைக்காரர்களும் உண்டு, சமாதானம் செய்து வைக்கும் பெரியவர்களும் உண்டு. பெரியவர்களுக்குக் காது கூர்மை. தண்டோரா மெல்லக் கேட்டாலே எழுந்து வந்துவிடுவார்கள். சண்டைக்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். காது கிழியக் கத்தினால்தான் எழுவார்கள். ஐஎல்-2-தான் அந்தத் தண்டோரா. அடக்கும் டி செல்கள் ஏற்பியின் மூன்று பாகங்களையும் எப்போதும் வைத்திருக்கின்றன. மற்ற செல்கள் பலவற்றிடம் சாதாரண நேரத்தில் இரண்டு பாகம்தான். மூன்று பாகம் உள்ள ஏற்பி, இரண்டு பாகம் உள்ளதை விட நூறு மடங்கு அளவுக்கு இறுக்கமாக ஐஎல்-2-வைப் பிடிக்கும். ஒரு கூத்தும் இருக்கிறது. அடக்கும் செல்கள் ஐஎல்-2-வைத் தாங்களாகச் செய்வதில்லை. மற்ற டி செல்கள் செய்வதை வாங்கித்தான் பிழைக்கின்றன. சண்டைக்காரர்கள் போடும் சத்தமே சமாதானக்காரர்களை வாழவைக்கிறது. உடம்பின் ஏற்பாடு அப்படி.

1976-ன் கிண்ணத்தில் இது ஏன் தெரியவில்லை? கிண்ணத்தில் ஊர் இல்லை. காக்க வேண்டிய குடல் இல்லை, தாக்கினால் வீங்கிக் காட்ட மூட்டு இல்லை. கூட்டம் பெருகுவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சண்டைக்காரன் பெருகினாலும் சமாதானக்காரன் பெருகினாலும் கிண்ணத்தில் எண்ணிக்கை ஒன்றுதான்.

எண்ணிக்கை ஏறியது, உயிர் பிழைக்கவில்லை

இந்தக் குழப்பத்துக்கு மிகப் பெரிய விலை கொடுக்கப்பட்ட இடம் எய்ட்ஸ் ஆராய்ச்சி. அதுவும் எப்படிப்பட்ட முரண்!

ஹெச்ஐவியைக் கண்டுபிடிக்க உதவியதே ஐஎல்-2-தான். 1983 ஜனவரியில் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் ஒரு நோயாளியின் நிணநீர்க் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஐஎல்-2 ஊற்றி உயிரோடு வைத்திருந்தார்கள். அதனால்தான் பிரான்சுவாஸ் பாரே-சினூசியால் அந்த வைரஸின் நொதியைக் கண்டுபிடிக்க முடிந்தது. வளர்த்த செல்கள் சாகத் தொடங்கியபோது ரத்த தானம் செய்தவரின் புதிய செல்களைச் சேர்த்து வைரஸைக் காப்பாற்றினார்கள். டி செல்லை வளர்க்கத் தெரியாத காலத்தில் எய்ட்ஸ் வந்திருந்தால் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. 2008-ல் பாரே-சினூசிக்கும் லூக் மோன்டான்யேவுக்கும் நோபல் கிடைத்தது. குப்பிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

ஹெச்ஐவி செய்வது சிடி4 வகை டி செல்களை அழிப்பது. ஐஎல்-2 செய்வது டி செல்லைப் பெருக்குவது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மருந்து ரெடி! ஹெச்ஐவி மருந்துகளோடு ஐஎல்-2 ஊசியும் போட்டால் சிடி4 எண்ணிக்கை ஏறியது. ஏறியது உண்மை. அது நோயாளியைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க எஸ்ப்ரிட், சில்காட் என்று இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. முதலாவதில் 4,111 பேர், இரண்டாவதில் 1,695 பேர். சுமார் 7 வருடம் கவனித்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது.

ஐஎல்-2 போட்டவர்களின் சிடி4 எண்ணிக்கை, போடாதவர்களை விட எஸ்ப்ரிட்டில் சராசரியாக 159-ம் சில்காட்டில் 53-ம் அதிகம். ஆனால் தொற்று நோய்களோ மரணமோ குறையவில்லை. எஸ்ப்ரிட்டில் உயிருக்கு ஆபத்தான பக்க விளைவுகள் ஐஎல்-2 போட்டவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தன. ஐஎல்-2 பெருக்கிய செல்களில் சிடி25 சுமந்தவை, அடக்கும் செல்களின் சாயல் உள்ளவை நிறைய இருந்ததை வேறு ஆய்வுகள் காட்டின. அது மட்டுமே காரணமா என்று விவாதிக்கலாம். விவாதிக்க முடியாதது ஒன்று உண்டு: எண்ணிக்கை ஏறியது, நோயாளிக்கு லாபமில்லை.

வருடக்கணக்கில் சுற்றுச் சுற்றாக ஊசி போட்டுக்கொண்டு காய்ச்சலிலும் உடம்பு வலியிலும் படுத்திருந்தவர்கள் அந்த எண்ணை நம்பித்தான் படுத்திருந்தார்கள்.

இதற்காக அந்த ஆய்வாளர்களைத் திட்டுவது நியாயமில்லை. சொல்லப்போனால் அவர்கள் செய்தது பாராட்ட வேண்டிய காரியம். எண்ணிக்கை ஏறியதும் "வெற்றி" என்று கடையை மூடிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை ஏழு வருடம் பின்தொடர்ந்து, தங்கள் நம்பிக்கை தவறு என்று தாங்களே எழுதினார்கள். தப்பு அதற்கு முன்னால், "வளர்ச்சிக் காரணி" என்ற பெயரை யாரும் திருப்பிக் கேள்வி கேட்காத வருடங்களில் இருக்கிறது. எலிகள் 1993-லேயே சொல்லிவிட்டன என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படியென்றால் கிண்ணம் வீணா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கிண்ணத்துச் சுரைக்காயும் அப்படித்தானா? அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் அது இன்னொரு தப்பு.

ஐஎல்-2 எங்கே சொல்லி அடித்தது என்று பாருங்கள். செல்லைக் கிண்ணத்தில் வளர்ப்பதே நோக்கமாக இருந்த இடங்களில். ஹெச்ஐவி கண்டுபிடிப்பு ஒன்று. இன்னொன்று, நோயாளியின் கட்டிக்குள் ஊடுருவியிருக்கும் டி செல்களை வெளியே எடுத்து, கிண்ணத்தில் ஐஎல்-2 ஊற்றிக் கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப அவருக்கே ஏற்றும் சிகிச்சை. இதையும் ரோசன்பர்க்கின் குழுதான் 1980-களில் தொடங்கியது. இந்த வகையில் லிஃபிலியூசெல் என்ற முதல் சிகிச்சையை எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் மெலனோமாவுக்கு அனுமதித்தது. ஜீன் மாற்றிய டி செல்களைக் கொண்டு ரத்தப் புற்றுநோயைத் தாக்கும் கார்-டி சிகிச்சைக்கான செல்களை வளர்க்கவும் ஐஎல்-2 பரவலாகப் பயன்படுகிறது. கிண்ணத்தில் கண்ட உண்மை கிண்ணத்தில் பலித்தது. அதில் அதிசயம் இல்லை.

உடம்புக்குள்ளும் ஐஎல்-2-வுக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் டோஸ், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 10 கோடி யூனிட்டைத் தாண்டும். 2011-ல் பாரிஸில் ஒரு குழு ரத்தக் குழாய் அழற்சி உள்ள சிலருக்கு நாளுக்கு 15 லட்சம், பிறகு 30 லட்சம் யூனிட் மட்டும் கொடுத்துப் பார்த்தது. மெல்லத் தண்டோரா! அடக்கும் செல்கள் பெருகின, பலருக்கு நோய் தணிந்தது. அதே நேரம் பாஸ்டனில் இன்னொரு குழு, தானமாக வந்த எலும்பு மஜ்ஜை செல்கள் நோயாளியின் உடம்பைத் தாக்கும் சிக்கலில் இதே மாதிரி குறைந்த டோஸ் உதவுவதைக் காட்டியது. எதிர்ப்பைத் தூண்டும் மருந்து என்று அனுமதி வாங்கிய அதே புரதம், அளவைக் குறைத்தால் எதிர்ப்பை அடக்கும் மருந்தாகிறது. பழைய பெயரை நம்பி உட்கார்ந்திருந்தால் இது யாருக்கும் தோன்றியிருக்காது.

இத்தனையும் தெரிந்த பிறகாவது எல்லாம் சுலபமாகிவிட்டதா? இல்லை. அடக்கும் செல்களின் காதில் விழாதபடி மாற்றிச் செய்த ஐஎல்-2-வைப் புற்றுநோய்க்குக் கொடுக்கலாமே என்பது அடுத்த யோசனை. பெம்பெகால்டெஸ்லூக்கின் என்ற அத்தகைய மருந்து கிண்ணத்திலும் எலியிலும் அழகாக வேலை செய்தது. 2022-ல் மெலனோமா நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், ஏற்கனவே இருக்கும் மருந்தோடு இதைச் சேர்த்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. உடம்பு இன்னும் கேள்வியை வைத்திருக்கிறது.

குப்பிக்குள் இன்னொரு குரல்

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஈ.கோலையில் செய்த புரதத்தோடு ஈ.கோலையின் உடம்புச் சுவரிலிருந்து எண்டோடாக்சின் என்ற பொருளும் துளி வந்துவிடும். எதிர்ப்பு செல்கள் அதைக் கண்டாலே கொதித்தெழும். சுத்தம் செய்து அளவு பார்த்துத்தான் விற்கிறார்கள், ஆனாலும் துளி இருந்தால் போதும்.

வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70 என்ற இன்னொரு புரதத்துக்கு இதுதான் நடந்தது. அது எதிர்ப்பு செல்களைத் தூண்டுகிறது என்று பல கட்டுரைகள் வந்தன. 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று, நன்றாகச் சுத்தம் செய்த புரதத்தைப் போட்டால் அந்தத் தூண்டல் இல்லை, வேலையைச் செய்தது ஒட்டிக்கொண்டு வந்த எண்டோடாக்சின் என்று காட்டியது. கிண்ணம் சரியாகத்தான் பதில் சொன்னது. பேசுவது யார் என்று கேட்கத் தவறியது மனிதர்கள்.

கடைசியாக

பல பாடப்புத்தகங்களில் இன்றும் ஐஎல்-2-வுக்கு ஒரு வரிதான். "டி செல்களின் வளர்ச்சிக் காரணி." பரீட்சையில் இரண்டு மார்க். அந்த வரி பொய் இல்லை. ஆனால் அது 1976-ல் ஒரு கிண்ணம் சொன்ன பதில் என்பதை அந்த வரி சொல்வதில்லை. "இது இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும்" என்ற இரண்டாவது வரியைச் சேர்க்க எவ்வளவு மை செலவாகும்? 2009-ன் தோல்வியை நாலு வரியில் சொன்னால் பக்கம் நிறைந்துவிடுமா? வெற்றிகளை மட்டும் படித்துவிட்டு லேபுக்குள் போகிற மாணவன், கிண்ணத்தில் செல் பெருகியதும் ஏதோ நோயைக் குணமாக்கிவிட்டதாகவே நினைப்பான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் "எதிர்காலத்தில் இது மருந்தாகலாம்" என்று எழுதுவதும் அதனால்தான்.

அதற்குப் பதில் ஒவ்வொரு சோதனைக்கும் மேலே ஒரு வரி எழுதும் பழக்கம் வந்தால் போதும்: கிண்ணத்திடம் கேட்ட கேள்வி என்ன? "செல் பெருகுமா?" என்று கேட்டால் "பெருகும்" என்ற பதில் அதற்கு மட்டும்தான் பதில். "நோயாளி பிழைப்பாரா?" என்ற கேள்வியைக் கிண்ணத்திடம் யாரும் கேட்கவும் இல்லை, அது பதில் சொல்லவும் இல்லை.

அந்தச் சின்னக் குப்பியில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று போட்டிருப்பது சட்டத்துக்காக எழுதிய வரி. யாரும் நின்று படிப்பதில்லை. அடுத்த முறை குப்பியைச் சுற்றி எடுத்து மூடியைத் திறக்கும் முன்னால் ஒரு நிமிடம் நின்று படித்துப் பாருங்கள். 1976 முதல் 2009 வரை நடந்த முழுக் கதையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.